எச்சரிக்கைக் கடிதம் போடும் முன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாருங்கள்: ஆம்புலன்ஸ் சேவை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்புலன்ஸ் சேவையை நடத்தும் அதிகாரிகளுக்கும் அவசரப் பிரிவுகளைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

அவசியமில்லாமல் ஆம்புலன்ஸை அழைக்காதீர்கள் என்று, அடிக்கடி அழைக்கும் வயதானவர்களின் வீடுகளுக்கு நீங்கள் அனுப்பும் கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. ஏன் இத்தனை தடவை கூப்பிட வேண்டியிருந்தது, கூட யார் இருக்கிறார்கள், என்னென்ன மாத்திரை போடுகிறார், ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறார், எதையும் கேட்கவில்லை. எத்தனை அழைப்பு என்ற கணக்கு இருந்தது. அதோடு, உண்மையிலேயே உயிருக்குப் போராடுகிறவருக்கு வண்டி கிடைக்காமல் போய்விடலாம் என்று ஒரு வரி. அப்பா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை குளியலறையில் விழுந்தபோது உங்களை விடுங்கள், பக்கத்து அறையில் இருந்த என்னைக்கூடக் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறார், "ஒன்றுமில்லை, நீ போய்ப் படு" என்கிறார்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. இதயம் நின்றுபோன ஒருவருக்கு உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யாவிட்டால், மின்னதிர்ச்சி தர ஆகும் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த நேரத்தில் ஒரு வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தால் அது யாரோ ஒருவரின் நிமிடங்கள். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வண்டிகளும் ஆட்களும் அளவாகத்தான் இருக்கிறார்கள், ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் கவனிக்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் ஒரு மாதத்தில் 5 அல்லது மூன்று மாதத்தில் 12 தடவை அழைத்தவரை அடிக்கடி அழைப்பவர் என்று தனியாகக் குறித்து வைக்கிறார்கள். குறிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குறித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கணக்கெடுப்பது, கடிதம் போடுவது, மறுபடி கணக்கெடுப்பது என்று போனால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டேதான் இருக்கும், பட்டியலில் இருந்து ஒரு பெயர் போனால் அது பெரும்பாலும் நல்ல காரணத்துக்காக இருக்காது.

ஏனென்றால் உங்கள் பதிவில் பல அழைப்பாகத் தெரிவது பல சமயம் ஒரே ஒரு தீராத பிரச்சினை.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் கதையைச் சொல்கிறேன். சுகருக்கு வருடக்கணக்காக ஒரே மாத்திரை, கிளிபென்கிளமைடு வகை. வயது ஏற ஏற சிறுநீரகம் மந்தமாகிவிட்டது, அந்த மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறவில்லை, ஆனால் மாத்திரையின் அளவை யாரும் குறைக்கவில்லை. ஒரு நாள் வியர்த்துக் கொட்டிப் பேச்சுக் குழறியது, பக்கவாதம் என்று பயந்து வீட்டில் உங்களை அழைத்தார்கள். வந்தவர்கள் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள், சுகர் தரையைத் தொட்டிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் போட்டதும் சிறிது நேரத்தில் பாட்டி கண்ணைத் திறந்து, வந்தவர்களை உட்காரச் சொல்லி உபசரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார், கையெழுத்துப் போட்டார், வண்டி போய்விட்டது. இந்த வகை மாத்திரையால் சுகர் இறங்கினால் ஒரு நாளைக்கு மேலும் அது மறுபடி மறுபடி இறங்கும் என்பதும், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும் மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். அன்று ராத்திரியே மறுபடி இறங்கியது. இந்த முறை வந்தது வேறு குழு. முதல் குழு என்ன பார்த்தது, என்ன கொடுத்தது, எதுவும் இவர்களுக்குத் தெரியாது. மறுபடி குளுக்கோஸ், மறுபடி கையெழுத்து. உங்கள் கணக்கில் அது ஒரே முகவரியில் இருந்து வந்த அடுத்தடுத்த அழைப்புகள். காரணம் அலமாரியில் இருந்த ஒரு மாத்திரை அட்டை, அதை யாராவது எடுத்துப் பார்த்து அவருடைய மருத்துவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இது அபூர்வமான கதையும் இல்லை. அமெரிக்காவில் மருந்தின் பக்கவிளைவால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட முதியவர்களைப் பற்றி 2011ல் ஓர் ஆய்வு வெளியானது. அப்படிச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் வெறும் நான்கு வகை மருந்துகள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின், ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகள், சுகர் மாத்திரைகள். ஏதோ பெயர் வாயில் நுழையாத மருந்துகள் இல்லை, பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குபவைதான்.

அப்புறம் யூரின் டியூப். நிரந்தரமாக டியூப் போட்டிருக்கும் பெரியவருக்கு ராத்திரி ஒரு மணிக்கு அது அடைத்துக்கொண்டால் அடிவயிறு கல்லாக வீங்கி, வலியில் மனிதர் துடித்துப்போவார். அவருக்குத் தேவை ஒரு புது டியூப்போடு வரும் ஒரு நர்ஸ், கொஞ்ச நேர வேலை. அந்த நேரத்தில் அப்படி ஒரு நர்ஸைக் கூப்பிட எண் எதுவும் இல்லை. இருக்கும் ஒரே எண் உங்களுடையது. டியூப் அடிக்கடி அடைக்கும் சுபாவம் உள்ளவருக்கு இது சில வாரங்களுக்கு ஒரு தடவை நடக்கும், உடனே பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். ராத்திரி நர்ஸ் இல்லாதது அவர் குற்றமா?

விழுவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது அதுதான் என்று நினைக்கிறேன். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போவதற்கு முழு ஆம்புலன்ஸ், இரண்டு ஆட்கள். அடிபடவில்லை, எலும்பு முறியவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, அப்புறம் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தோன்றும். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் பகுதியில், இப்படித் தூக்கிவிட மட்டும் அழைத்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள், 2017ல் வெளிவந்தது. 14 நாளுக்குள் அவசரப் பிரிவுக்குப் போனது ஐந்தில் ஒன்றுக்கு மேல். பத்தில் ஒன்றுக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. சிலர் இறந்தே போனார்கள். அதாவது "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு வந்த விழுதல்களில் கணிசமானவை ஏதோ ஒரு நோயின் முதல் தகவல். சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, இதயத் துடிப்பில் கோளாறோ வயதானவர்களுக்குக் காய்ச்சலோடும் நெஞ்சுவலியோடும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கால் தள்ளாடி விழுவதாகவும் வரும், திடீரென்று ஆளே மாறிப்போன மாதிரி உளறுவதாகவும் வரும், சாப்பிடாமல் சுருண்டு படுப்பதாகவும் வரும். மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக வரலாம். கட்டுப்பாட்டு அறையில் உங்கள் ஆட்கள் வாசிக்கும் கேள்விகள் நெஞ்சு வலிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கின்றன. எதற்கும் இல்லை என்று பதில் சொல்லும் ஒரு முதியவர் அந்தத் தாளில் ஆரோக்கியமானவர்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் பயப்படுவது அளவுக்கு மீறிக் கூப்பிடுகிறவர்களை. எனக்குப் பயம் கூப்பிடாதவர்களைப் பற்றி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008ல் வந்தது. விழுந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். அழைப்புப் பொத்தான் வைத்திருந்தும், தனியாக விழுந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது, தோல் புண்ணாகிறது, உடம்பு சில்லிட்டு, நீர் வற்றிப்போகிறது. அப்படிக் கிடக்கும் ஒருவர் பொத்தானை அழுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் உங்கள் கடிதத்தின் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தால் என்ன முடிவெடுப்பார்? கடிதம் போடுகிறவர்கள் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள் என்று நம்புகிறேன், தெரிந்தே செய்திருந்தால் அது வேறு விஷயம்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

அப்பாவுக்குப் பிரஷருக்கு இரண்டு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, இன்னும் சில. ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் உங்கள் ஆட்கள் வந்தார்கள், நல்லவர்கள், பக்குவமாகத் தூக்கினார்கள், படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு தடவை வந்த ஒரு பெண், என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவர், படுத்திருக்கும்போது ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு, அந்தப் பட்டையைக் கழற்றாமலே அப்பாவை மெதுவாக எழுப்பி நிற்கவைத்து, அவர் முழங்கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டே மறுபடி பார்த்தார். மேல் எண் 20க்கு மேல் இறங்கியிருந்தது. அப்பாவின் முகம் வெளுத்ததை அவர் பார்த்தார், நானும் அப்போதுதான் பார்த்தேன். அப்புறம் மாத்திரை டப்பாவைக் கேட்டார், ஒவ்வொன்றாக எடுத்து எப்போது போடுகிறார் என்று விசாரித்தார். படுக்கையில் இருந்து கழிவறை வரைக்கும் தானே நடந்து பார்த்தார், விளக்கின் சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் வழியில் கிடந்த மிதியடியையும் காட்டினார். இது எதையும் எழுத அவருடைய படிவத்தில் இடம் இல்லை. கையுறை டப்பாவின் அட்டையில் ஒரு துண்டு கிழித்து, படுத்தபோது இவ்வளவு, நின்றபோது இவ்வளவு என்று எழுதி, "இதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் அந்த அட்டையைப் பார்த்ததும் தூக்க மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார், ஒரு பிரஷர் மாத்திரையின் அளவையும் குறைத்தார். அப்பா அதற்குப் பிறகு விழவே இல்லை என்று சொல்லமாட்டேன். விழுவது வெகுவாகக் குறைந்தது, எழுந்தவுடன் தலை சுற்றுவதும் குறைந்தது. அந்தப் பெண் எங்கள் வீட்டில் செலவழித்தது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம், அதற்காக அவரிடம் விளக்கம் கேட்டிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாருங்கள், மருத்துவர் அப்பாவை அவருடைய அறையில், நாற்காலியில், சலவைச் சட்டையோடு பார்க்கிறார். அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் படுத்த நிலையில் பார்க்கிறார்கள். நிறுத்திய மாத்திரையும் புது மாத்திரையும் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பதையும், பிரிட்ஜில் ஒன்றுமே இல்லாததையும், போன் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதையும், ராத்திரி முழுக்க மறதி நோய்க்காரரோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன மனைவியையும் நேரில் பார்க்கும் ஒரே மருத்துவ ஆள் உங்கள் வண்டியில் வருகிறவர்தான். அவர் பார்த்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி இல்லாமல் செய்துவிட்டு, இவர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறீர்கள்.

வழி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் எல்லாம் தேவையில்லை, செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில், விழுந்து ஆம்புலன்ஸை அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே விடப்பட்ட 60 வயதுக்கு மேற்பட்ட 204 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை விழுவதைத் தடுக்கும் ஒரு குழுவிடம் அனுப்பினார்கள். உடற்பயிற்சி, மருந்துகளைச் சரிபார்ப்பது, வீட்டில் மாற்றங்கள், இவ்வளவுதான். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருடத்தில் முதல் பிரிவினர் சராசரியாக 3.46 தடவை விழுந்தார்கள், இரண்டாம் பிரிவினர் 7.68 தடவை. விழுந்ததற்காக ஆம்புலன்ஸை அழைப்பதும் குறைந்தது. 2010ல் வந்த முடிவு இது. நீங்கள் கேட்பதும் இதைத்தானே? இங்கிலாந்திலேயே ஷெஃபீல்டில் ஆம்புலன்ஸ் ஊழியர்களில் சிலருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, சின்னக் காயங்களை வீட்டிலேயே பார்க்கவிட்டார்கள். அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்த முதியவர்கள் 100க்கு 88 பேரில் இருந்து 63 பேராகக் குறைந்தார்கள், அவர்களுக்குத் திருப்தியும் கூடியது. கனடாவின் ஹாமில்டனில் முதியவர்கள் வாழும் குடியிருப்புகளுக்கு வாராவாரம் ஆம்புலன்ஸ் ஊழியர்களே போய் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, சுகர் அபாயத்தைக் கணித்து, பேசிவிட்டு வந்தார்கள், அந்தக் கட்டடங்களில் இருந்து வந்த அவசர அழைப்புகள் மற்ற கட்டடங்களைவிடக் குறைவாக இருந்தன.

இதில் ஹாமில்டன் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது தனிமைக்கும் ஒரு மருந்து. ஆமாம், பேச்சுத் துணைக்காகக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், ஆள் வந்ததும் படபடப்பு அடங்கிவிடும். எல்லா முதியவர்களும் அப்படி என்று நினைப்பது அநியாயம், ஒருவர்கூட அப்படி இல்லை என்பது பொய். ஆனால் அப்படிப்பட்டவருக்கும் கடிதம் எதையும் தீர்க்காது. வாரத்துக்கு இரண்டு நாள், சொன்ன நேரத்தில், யாராவது ஒருவர் போன் செய்தால் அவர் அந்த நேரத்துக்குக் காத்திருப்பார், ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் எண்ணைத் தேடமாட்டார். உங்கள் வண்டி ஒரு தடவை வந்துபோகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

கொஞ்சம் அவசரப் பிரிவுக்காரர்களிடமும். எங்கள் பெரியவர்களைக் கொண்டுவரும்போது கண்ணாடியும் காது மெஷினும் பல்செட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. கண் தெரியாமல், காது கேட்காமல், விளக்கு அணையாத வராந்தாவில் மணிக்கணக்கில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் 85 வயதுக்காரர் குழம்பிப்போகிறார், உடனே இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சீட்டில் ஏறிவிடுகிறது. அப்புறம் விடியற்காலையில் டிஸ்சார்ஜ் செய்து அனுப்புகிறீர்கள், வீட்டில் கதவைத் திறக்க ஆள் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஒரு வாரத்துக்குள் அவர் மறுபடி உங்களிடம் வந்தால் அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்து ஒரு மாதத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் யாராவது ஒருவர் பகல் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், நர்ஸோ, பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியரோ, யாராக இருந்தாலும் சரி. படுத்தும் நின்றும் பிரஷர், மாத்திரை டப்பா, கண், கால், படுக்கையில் இருந்து கழிவறை வரை உள்ள வழி, வீட்டில் கவனித்துக்கொள்கிறவரின் நிலைமை, இவ்வளவையும் பார்த்து அவருடைய மருத்துவருக்கு எழுத வேண்டும். படிவத்தில் இதற்கு இடம் வேண்டும், அந்தக் குறிப்பு அடுத்து வரும் குழுவின் கண்ணில் பட வேண்டும். யூரின் டியூப் மாதிரி வேலைகளுக்கு ராத்திரியில் ஒரு நர்ஸ் வேண்டும். விழுந்தவரைத் தூக்கிவிட்டுப் போனால் மறுநாள் ஒரு போன் வேண்டும். இதெல்லாம் நடக்கும்வரை அந்த எச்சரிக்கைக் கடிதத்தை நிறுத்தி வையுங்கள், அனுப்பியே ஆக வேண்டும் என்றால் உயிருக்குப் போராடுகிறவர் பற்றிய அந்த வரியையாவது எடுத்துவிட்டு, அதற்குப் பதில் எந்த எண்ணை அழைத்தால் யார் வருவார்கள் என்று எழுதுங்கள்.

படிவத்தை மாற்ற ஒரு குழு போடுவீர்கள் என்றால் வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேரையாவது அதில் சேருங்கள், வண்டியில் வேலை பார்க்கும் இளையவர்களையும் கூப்பிடுங்கள். என்னை அழைத்தால் வருகிறேன். அப்பாவின் பழைய சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக வைத்திருக்கிறேன், அந்த அட்டைத் துண்டும் இருக்கிறது. பகலில் என்றால் யாரையாவது அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும், அதனால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு முதியவரின் மகள்